ஆத்தங்குடித் தரையில் ஹாக்கி: ஏழு வயதுப் பிள்ளையைப் பதினெட்டு வரை கொண்டுபோவது எப்படி

என் தம்பி நெதர்லாந்தில் ஐந்தோவன் பக்கம் வேலை பார்க்கிறான். அவனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம், ஒத்தாசைக்கு என்று சித்திரையில் போய் ஆறு வாரம் இருந்தேன். மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது. அந்த ஊர் ஹாக்கி கிளப்பில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் சனிக்கிழமையே, "அத்தை, நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மாவட்ட அணிக்கு லெஃப்ட் இன், அதாவது இடதுபக்க முன்வரிசையில், ஆடியவள். இப்போது கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் கோட்டையூரில் பிள்ளைகள் இருபது பேருக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சனிக்கிழமை மைதானத்து ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்த பிறகு, சின்னப் பிள்ளைகளுக்கு நான் அதுவரை சொல்லிக்கொடுத்த முறையை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து இங்கே என்னென்ன செய்துபார்த்தோம், எது ஒத்துவந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பிள்ளையை ஹாக்கியில் விட நினைக்கும் தாய் தகப்பனுக்கும், தனியாக நின்று பயிற்சி கொடுக்கும் பி.டி. டீச்சர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஆட்டத்தைச் சின்னதாக்குங்கள்

அங்கே ஒரு முழு மைதானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று பேருக்கு எதிராக மூன்று பேர். கோல்கீப்பர் கிடையாது. ஸ்கோர் எழுதும் பலகையும் கண்ணில் படவில்லை. பந்து எல்லோரிடமும் வந்துகொண்டே இருந்தது. எங்கள் தங்கம் பந்தைத் தொட்டதை எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அந்த நாட்டில் பிள்ளைகள் இப்படி மூன்று பேர் ஆட்டத்தில் தொடங்கி, அப்புறம் ஆறு பேர், அப்புறம் எட்டுப் பேர் என்று போய், கடைசியில்தான் பதினொருவர் ஆட்டத்துக்கு வருகிறார்கள்.

ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, என் மைதானத்தில் எண்ணிப்பார்த்தது. ஒன்பது வயதுப் பையன், ரைட் பேக், அதாவது வலதுபக்கப் பின்வரிசை. பதினொருவர் ஆட்டத்தில் பத்து நிமிடத்துக்கு இரண்டே தடவைதான் பந்தைத் தொட்டான். மீதி நேரம் தூரத்தில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்டிக்கால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். அதே பையனை மூன்று பேர் ஆட்டத்தில் விட்டேன். இருபத்தேழு தடவை. அந்தப் பிள்ளை சுணங்கி நின்றதற்குச் சோம்பல் காரணமில்லை, அவனுக்குப் பந்து போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

செய்முறை எளிது. பெரியவர் நடக்கிற காலடியில் பதினைந்து காலடி நீளம், பத்துக் காலடி அகலம் எடுத்து வைத்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். இரண்டு முனையிலும் இரண்டு செங்கல், இடையில் நான்கு காலடி இடைவெளி, அதுதான் கோல். மூன்றுக்கு மூன்று. பந்தைத் தள்ளலாம், ஓங்கி அடிக்கக்கூடாது. ஸ்டிக்கை முழங்காலுக்கு மேல் தூக்கினால் பந்து எதிரணிக்கு. ஏழு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் தண்ணீர், அடுத்த அணியுடன் மாற்றம். இருபது பிள்ளைகள் வந்தால் மூன்று களம் போட்டுப் பதினெட்டுப் பேர் ஆடலாம், மீதி இரண்டு பேர் அந்த ஏழு நிமிடம் நடுவர்கள். யார் ஜெயித்தது என்று நான் கேட்பதில்லை, பிள்ளைகளே வீட்டுக்குப் போகும் வழியில் சண்டை போட்டு முடிவு செய்துகொள்கிறார்கள்.

பெற்றோர் வந்து, "டீச்சர், இது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கே, எப்போ நிஜ ஹாக்கி ஆடுவாங்க?" என்று கேட்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்: நெதர்லாந்தின் மொத்த ஜனத்தொகை ஒன்றே முக்கால் கோடியைச் சற்றுத் தாண்டும். நம் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில், 2024-ல், ஆண்கள் ஹாக்கித் தங்கம், பெண்கள் ஹாக்கித் தங்கம் இரண்டையும் அவர்களே கொண்டுபோனார்கள். பெண்கள் அணிக்கு அது ஐந்தாவது தங்கம். அந்தப் பெண்கள் வளர்ந்துவரும் பாதை இந்த மாதிரிச் சின்னக் களத்தில்தான் தொடங்குகிறது.

ஸ்டிக், பல்லுறை, ஷின் கார்டு

ஸ்டிக் வாங்கும்போது, "வளர்ற பிள்ளைதானே, பெரிசா வாங்கிடுவோம்" என்று பாவாடை தைக்கும் கணக்கில் வாங்காதீர்கள். நீள ஸ்டிக் பிடித்த பிள்ளை குனியாது. குனியாத பிள்ளைக்கு டிரிபிள், அதாவது பந்தை ஸ்டிக்கால் இருபக்கமும் தட்டிக்கொண்டே போவது, வராது. பிள்ளையை நேராக நிற்கவைத்து ஸ்டிக்கைக் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். அதன் தலை இடுப்பெலும்புக்கு வந்தால் சரி. பெரியவர்களுக்கு 36.5 அங்குலம், பிள்ளைகளுக்கு 28, 30, 32 என்று கிடைக்கும். மல்பெரி மரத்தில் செய்த ஜலந்தர் ஸ்டிக்கே தொடக்கத்துக்குப் போதும். பளபளக்கும் கார்பன் ஸ்டிக் பதினைந்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பல்லுறையும், முழங்காலுக்குக் கீழே எலும்பைக் காக்கும் ஷின் கார்டும் இல்லாமல் அந்த நாட்டில் பிள்ளையைக் களத்தில் விடமாட்டார்கள். நான் ஆடிய காலத்தில் பல்லுறை என்ற வார்த்தையே கேள்விப்பட்டதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் என் பயிற்சியில் பதினோரு வயதுப் பெண்ணுக்கு முன்பல் பாதி உடைந்தது. எதிரில் வந்தவளின் ஸ்டிக் மேலே எழும்பிவிட்டது, யார் மேலும் தப்பில்லை. அந்த ராத்திரி அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து என்னால் பேச முடியவில்லை. அன்றிலிருந்து பல்லுறை இல்லாத பிள்ளைக்கு ஸ்டிக் கொடுப்பதில்லை. வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்து, அச்சு எடுத்துக்கொள்ளும் வகை விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் மட்டும்தான் வெந்நீரில் இருக்கவேண்டும், அதிகமானால் குழைந்துவிடும். கடிக்கும்போது பிள்ளை உதட்டை மூடிக் காற்றை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள், அப்போதுதான் பல்லோடு ஒட்டும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம். வளரும் பிள்ளைக்குப் பல் மாறும்போதெல்லாம் அச்சும் மாறவேண்டும்.

இடது கையில் சாவி

ஸ்டிக் பிடிப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் செய்யும் ஒரே தப்பு, வலது கையால் ஸ்டிக்கைத் திருப்புவது. ஹாக்கி ஸ்டிக்கில் ஒரு பக்கம் தட்டை, பின்பக்கம் உருண்டை; உருண்ட பின்பக்கத்தால் பந்தைத் தொடக்கூடாது. அதனால் பந்தை வலமிருந்து இடமும், இடமிருந்து வலமும் கொண்டுபோக ஸ்டிக் முழுசாகத் திரும்பவேண்டும். திருப்புவது மேலே இருக்கும் இடது கை. கீழே இருக்கும் வலது கை ஒரு வளையம்போல், ஸ்டிக் உள்ளே சுழல இடம் கொடுத்துத் தளர்வாக இருக்கவேண்டும்.

இதை எத்தனை தடவை சொன்னாலும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. ஒருநாள் ஒரு பெரிய வீட்டு முன்கதவைக் காவல்காரர் பூட்டுவதைப் பார்த்தேன். முழங்கை நீளச் சாவி. அதை உள்ளே விட்டு மணிக்கட்டால் திருப்பினார், தோள் அசையவில்லை. மறுநாள் பிள்ளைகளிடம், "இடது கையில செட்டியார் வீட்டுச் சாவி இருக்கு, பூட்டு, திற, பூட்டு, திற" என்றேன். அரை மணியில் பாதிப் பேருக்கு வந்துவிட்டது. இப்போது எங்கள் மைதானத்தில் டிரிபிள் என்று யாரும் சொல்வதில்லை, 'பூட்டு-திற' என்றுதான் சொல்கிறார்கள்.

முதல் மாதம் தினமும் பத்து நிமிடம் இடது கை மட்டும். வலது கை முதுகுக்குப் பின்னால். மணிக்கட்டு வலிக்கும், அது சரிதான். முழங்கை வலித்தால் ஸ்டிக் கனம் என்று அர்த்தம், மாற்றுங்கள்.

செம்மண்ணும் பூக்கல்லும்

இனி நம் பக்கத்துப் பிரச்சினைக்கு வருகிறேன். 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியைச் செயற்கைத் தரைக்குக் கொண்டுபோனார்கள். புல்லில் ராஜாவாக இருந்த இந்தியா அந்த வருடம் ஏழாவது இடத்துக்குப் போனது. அன்றிலிருந்து ஆட்டமே மாறிவிட்டது. செயற்கைத் தரையில் பந்து நூல் பிடித்த மாதிரி நேராக, தாழ்வாக, வேகமாக ஓடும். நெதர்லாந்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் காலடியில் அந்தத் தரைதான். நம் பிள்ளைகளுக்குச் செம்மண்ணும் சரளையும். பந்து எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது.

செம்மண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. துள்ளிவரும் பந்தை நிறுத்திப் பழகிய பிள்ளைக்குக் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்யும். மைதானத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டால் போதும்: பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் வரிசையாக நடந்து கல் பொறுக்கவேண்டும், வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்து, கருவேலங்கிளைக் கட்டின்மேல் கல் வைத்து இழுத்துவிடவேண்டும். மண்ணில் பந்தை நிறுத்த ஸ்டிக்கைச் செங்குத்தாக வைக்கச் சொல்லிக்கொடுங்கள், துள்ளினாலும் ஸ்டிக்கில் படும். ஆனால் இந்தப் பிள்ளையை மாவட்டத்தைத் தாண்டிப் போட்டிக்குக் கூட்டிப்போனால் அங்கே செயற்கைத் தரை. என் பிள்ளைகள் முதல்முறை அதில் ஆடிய அன்று, பந்து வந்து சேர்வதற்கு முன்பே போய்விட்டது. ஏழு கோல் வாங்கினோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருத்தி, "அக்கா, பந்து ஏன் துள்ளவே இல்ல?" என்று கேட்டாள்.

அதற்கு வழி தம்பி மகளிடமிருந்தே கிடைத்தது. குளிர்காலத்தில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே வெளி ஹாக்கியை நிறுத்திவிட்டு ஹாலுக்குள் ஆடுகிறார்கள். வழுவழுத் தரை, பக்கவாட்டில் தாழ்வான பலகைகள். அடிக்கக்கூடாது, தள்ள மட்டும்தான். கோலை நோக்கித் தள்ளும்போது தவிர வேறெங்கும் பந்தைத் தூக்கக்கூடாது. இடம் குறைவு, யோசிக்க நேரம் குறைவு. அந்த மூன்று மாதம்தான் டச்சுப் பிள்ளைகளின் கையை வேகமாக்குகிறது என்று நான் நம்புகிறேன்.

வழுவழுத் தரைக்கு நாம் எங்கே போவது என்று யோசித்தபோதுதான் சிரிப்பு வந்தது. செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! கண்ணாடிமேல் வார்த்து எடுத்த ஆத்தங்குடிப் பூக்கல், தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுப் பட்டு, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து, முகம் பார்க்கும் அளவுக்கு வழவழத்துக் கிடக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அந்த வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன.

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. பிள்ளைகள் எல்லாம் சென்னையிலும் மலேசியாவிலும். அவரிடம் போய், மழைக்காலத்துக்கு மட்டும் இரண்டாங்கட்டில் பந்தி போடும் நீளக் கூடத்தைத் தரமுடியுமா என்று கேட்டேன். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் ஆத்தா, பந்து தூணுல பட்டுச்சுன்னா? எங்க ஐயா பர்மாவுல இருந்து கப்பல்ல கொண்டாந்த தேக்கு."

"தூணுக்குச் சாக்கு கட்டிடறேன் ஆச்சி. பந்தும் தோல் பந்து இல்ல, மெத்துனு இருக்கும்."

"கல்லு கீறுச்சுன்னா?"

"ஸ்டிக்குக்குத் துணி சுத்தி எடுத்தாரேன். நீங்களே உக்காந்து பாருங்க. பிடிக்கலைன்னா அன்னைக்கே நிறுத்திக்கலாம்."

மறுநாள் பட்டாலையில் நாற்காலி போட்டு ஆச்சி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பாதத்தைக் காட்டச் சொல்லி, மண் இருந்தவர்களைக் கிணற்றடிக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ஒரு தூக்கில் பால் பணியாரம் வந்தது. இப்போது நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது, ஒரு கல்லில் கீறல் இல்லை.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூடம், அல்லது முகூர்த்தம் இல்லாத நாளில் ஒரு கல்யாண மண்டபம் கிடைக்கும். தேவையானவை இவை. டென்னிஸ் பந்தைப் பழைய காலுறைக்குள் போட்டு, முடிச்சுப் போடாமல் இறுக்கித் தைத்து, மீதித் துணியை ஒட்ட வெட்டிவிடுங்கள். முடிச்சு இருந்தால் பந்து நொண்டும். தையல் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் நேராக ஓடும். ஸ்டிக்கின் வளைவில் இரண்டு சுற்று துணி டேப். வெறுங்கால். பக்கத்துக்குப் பெஞ்சுகளைச் சாய்த்துப் போட்டால் பலகை ஆயிற்று. சுவரில் பந்தடிக்க விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர் அது, உடைந்தால் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலையவேண்டும். நீளப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து அதில் அடித்துப் பழகட்டும்.

பயிற்சிக்குக் கோடு போடவேண்டிய வேலையே இல்லை, பூக்கல்லின் கரைக்கல் வரிசையே கோடு. ஒரு பூக்கல் அகலத்துக்குள் பூட்டு-திற நூறு. அது வந்துவிட்டால் நடந்துகொண்டே. அப்புறம் ஓடிக்கொண்டே, நான் தூக்கிக் காட்டும் விரல்களை எண்ணிச் சொல்லிக்கொண்டே. கண் பந்தைவிட்டு மேலே வரவேண்டும், அதற்காகத்தான் விரல். இங்கே பந்தை நிறுத்த ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைக்கச் சொல்லுங்கள். இடுப்பு நன்றாக இறங்கவேண்டும், கோலம் போடும்போது இறங்குகிற அளவுக்கு. கடைசிப் பதினைந்து நிமிடம் மூன்றுக்கு மூன்று. மழைக்காலம் முழுக்க இப்படி ஆடிய பிள்ளைகளைத் தை பிறந்து செயற்கைத் தரைக்குக் கூட்டிப்போனேன். தோற்றோம், ஆனால் 2-1. பந்து ஏன் துள்ளவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

பதினொன்று முதல் பதினாலு வரை

இந்த வயதில் பிள்ளையை ஒரே இடத்தில் ஆணியடித்து நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கு உயரமாக இருக்கிறவளைப் பேக்காகவே வைத்தால், மற்றவர்கள் வளர்ந்து வரும்போது அவளுக்கு டிரிபிளும் தெரியாது, உயரமும் தனியாகத் தெரியாது. ஒரு மாதம் முன்னால், ஒரு மாதம் நடுவில், ஒரு மாதம் பின்னால். கோல்கீப்பராக எல்லோரும் ஒருமுறையாவது நின்று பார்க்கவேண்டும்.

டிராக் ஃபிளிக், அதாவது பந்தை ஸ்டிக்கோடு இழுத்துவந்து கோலுக்குள் வேகமாகத் தூக்கி வீசுவது, கற்றுக்கொடுங்கள் என்று பையன்கள் உயிரை எடுப்பார்கள். தொலைக்காட்சியில் பார்ப்பது அதைத்தான். பதினாலு வயதுக்கு முன் நான் கொடுப்பதில்லை. இடுப்பும் முதுகும் முறுக்கி வெடிக்கிற அடி அது, முற்றாத எலும்பில் அதைத் தினமும் நூறு தடவை செய்யவைப்பது பாவம். அதற்குப் பதில் ஸ்டிக்கோடு பந்தை ஒட்டியே இழுத்துவந்து தள்ளும் புஷ்ஷை நன்றாகக் கற்கட்டும். பின்னால் ஃபிளிக்குக்கு அதுதான் அஸ்திவாரம்.

அங்கே பார்த்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு விசில் ஊதியது பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். நடுவர் வேலை பார்ப்பது கிளப்பில் வளரும் பிள்ளையின் கடமைகளில் ஒன்று. இங்கேயும் பதிமூன்று வயது ஆனதும் விசிலைக் கையில் கொடுத்துவிடுகிறேன். மற்றவர் காலில் பந்து பட்ட தப்பைப் பார்த்து ஊதிய பெண், தன் காலில் பட்டால் சண்டை போடுவதில்லை. எதிராளி எப்போது தப்புச் செய்வாள் என்பதும் நடுவில் நின்றால்தான் தெரிகிறது.

பெண்பிள்ளைகள் இந்த வயதில்தான் நின்றுவிடுகிறார்கள். இதைப் பற்றி மட்டும் நான் மணிக்கணக்காகப் பேசுவேன். ஆர்வம் போய்விட்டது, படிப்பு வந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வீடு வீடாகப் போய்க் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில்கள் வேறு: ஆறேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழரை, மைதானத்தில் கழிப்பறை இல்லை, அரைக்கால் டவுசர் போடவேண்டும் என்றால் அப்பத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றும் தீர்க்கக்கூடியவை. பயிற்சியை ஆறு மணிக்கு முடிக்கிறேன், நிமிடம் தவறாது. மைதானத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக் கழிப்பறைக்கு ஏற்பாடு செய்தோம், மாதவிடாய் நாளில் வரலாமா வேண்டாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்கிறாள், யாரும் காரணம் கேட்பதில்லை. முழுக்கால் டிராக் பேண்ட் தாராளமாகப் போடலாம், ஹாக்கி விதி எதுவும் தடுக்கவில்லை. ஒரே பக்கம் போகிற நாலு பேர் சேர்ந்து சைக்கிளில் போகவேண்டும், கடைசியாக வீடு சேருகிறவள் எனக்கு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். போன வருடம் ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் நின்றார்கள், அதாவது, போகாமல் நின்றார்கள்.

தேர்வு என்னும் நாள்

பதினாலு, பதினைந்தில் தேர்வுகள் ஆரம்பித்துவிடும். பள்ளியில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போகும் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிக்கான தேர்வு. கோவில்பட்டியில் ஹாக்கி எப்படி ஊரோடு கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அங்கிருந்து போன மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி எடுத்த அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார்கள். அதனால் விடுதித் தேர்வு என்றால் பெற்றோருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது.

அவர்களுக்கு நான் இரண்டு டச்சுப் பெண்களின் கதையைச் சொல்வேன். லீடவை வெல்டன் 1990 ஜூலையில் பிறந்தவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது அவருக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம்தான். இந்த மாதிரிக் கதையைத்தான் எல்லோரும் கேட்க விரும்புவார்கள்.

யிபி யான்சன் கதை வேறு. 1999 நவம்பரில் பிறந்தவர். அப்பா ரொனால்ட் யான்சன் 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய கோல்கீப்பர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, எதிரணி கோல் பக்கம் தப்புச் செய்தால் கிடைக்கும் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிக்கிறவர், ஐந்தோவனின் ஒரான்யே ரோத் கிளப்பில் ஆடியவர். இருந்தும் 2021-ல் டோக்கியோவுக்குப் போன அணியில் அவர் இல்லை. வயது இருபத்தொன்று. அந்த அணி அவர் இல்லாமலேயே தங்கம் வாங்கியது. வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப்பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்துப் பாரிஸ். பெண்கள் ஹாக்கியில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், ஒன்பது. சீனாவுடன் இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்கள்வரை 0-1 என்று பின்தங்கி இருந்தார்கள். 57-ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னர், யான்சன் அடித்தார், 1-1. சமனானதால் ஆளுக்கு ஆள் கோல்கீப்பரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட், அதில் தங்கம். அந்த வருடம் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்குத்தான்.

அதனால் தேர்வில் பெயர் வராத அன்று என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்துவையுங்கள். நான் செய்வது இது. அன்று ஹாக்கி பேசக்கூடாது, வழியில் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டில் விட்டுவிடுவேன். மூன்றாம் நாள் பிள்ளையை மட்டும் உட்காரவைத்து, தேர்வில் பார்த்ததில் உன்னைவிட நன்றாக ஆடியவள் யார், அவள் என்ன செய்தாள் என்று கேட்பேன். பிள்ளையே சொல்லும். அதை நோட்டில் எழுதி, அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த ஒன்று மட்டும். பெற்றோர் தேர்வாளரிடம் போய்ச் சண்டை போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது.

பெயர் வந்துவிட்டாலும் யோசிக்கவேண்டியது உண்டு. விடுதி நல்லதுதான்: செயற்கைத் தரை, சாப்பாடு, முழுநேரப் பயிற்சியாளர் எல்லாம் கிடைக்கும். ஆனால் பன்னிரண்டு வயதில் போகவேண்டுமா, பதினைந்தில் போகவேண்டுமா என்பதைப் பிள்ளையின் குணம் பார்த்துத்தான் சொல்லமுடியும். டச்சுப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு, சைக்கிளில் கிளப்புக்குப் போய்த்தான் வளர்கிறார்கள். நமக்கு ஊருக்கு ஊர் அப்படிக் கிளப் இல்லை. வீட்டை விட்டு ஒரு வாரம் இருந்து பார்க்காத பிள்ளையைத் திடீரென்று விடுதியில் விடாதீர்கள், முதலில் ஒரு கோடை முகாமுக்கு அனுப்பிப் பாருங்கள். அழுதாலும் மைதானத்துக்குப் போனதும் தெளிந்துவிடுகிற பிள்ளை என்றால் அனுப்பலாம்.

படிப்பு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு வருடத்தில் பயிற்சியைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். வாரம் ஐந்து நாளை மூன்று நாளாக்கினால் போதும். முழுசாக நிறுத்திய பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை என் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். பட்டப்படிப்புக்கு ஊரைவிட்டுப் போகவேண்டிய கட்டாயம்கூட இல்லை, காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. நன்றாக ஆடினால் ரயில்வே, காவல்துறை, வங்கி என்று வேலைக்கும் வழி உண்டு.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லி, பாதியில் வாழைப்பழம், முடிந்ததும் வீட்டில் என்ன இருக்கிறதோ அது. பெப்பர் சிக்கனைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு உப்புப் போட்ட மோர்தான் மருந்து, மண்பானையில் இரண்டு குடம் எப்போதும் மைதானத்தில் இருக்கவேண்டும். பங்குனி முதல் ஆனி வரை சாயங்காலப் பயிற்சிக்கு நான்கரைக்கு முன் பிள்ளைகளைக் களத்தில் இறக்காதீர்கள். டச்சுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் பிள்ளைகள் ஐப்பசி மழை மாதிரிக் கொட்டும்போதும் ஆடிக்கொண்டிருக்கும், பெற்றோர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார்கள். பாதி ஆட்டத்தில் ஆரஞ்சு உரித்துக் கொடுப்பது, அடுத்த ஊர் ஆட்டத்துக்கு முறைவைத்துக் கார் ஓட்டுவது, அணியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெற்றோர் வேலைதான். என் தம்பிக்கு ஹாக்கியில் ஒரு விதியும் தெரியாது, ஆனால் அந்த வருடம் ஏழு பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அவன்தான் பொறுப்பு.

புதிதாக வருகிறவர்களுக்கு: சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்தில் இருப்போம். ஸ்டிக் இல்லை என்றால் நான் தருகிறேன். பல்லுறையும் தண்ணீர்ப் பாட்டிலும் நீங்கள் கொண்டுவரவேண்டும். அப்புறம், ஓட்டையில்லாத பழைய காலுறை ஒன்று. புரட்டாசி முடிந்தால் மழை வந்துவிடும், ஆச்சி வீட்டுக்குப் பந்து தைக்கவேண்டும்.